சந்தனம் வைக்காத பட்டன்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஒருத்தி இருந்தாள். அவளிடம் கார் இல்லை.

பெயர் ஜெனிட்டா. வயது இருபத்தெட்டு. ராலிப் பந்தயங்களில் ஓட்டுநருக்கு இடது பக்கம் உட்கார்ந்து, மடியில் நோட்டை விரித்து, வரப்போகிற வளைவை முன்கூட்டியே படித்துச் சொல்வது அவள் தொழில். பத்து வருடமாக அதுதான். அவள் ஸ்டியரிங்கைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

கோயம்புத்தூருக்குத் தெற்கே சோளக்காடுகளுக்கு நடுவில் ஒரு பந்தயத் தடம். ஞாயிற்றுக்கிழமைகளில் யார் வேண்டுமானாலும் சொந்தக் காரைக் கொண்டுவந்து அங்கே ஓட்டிப் பழகலாம். புதிதாக வருகிறவர்களுக்குப் பக்கத்தில் உட்கார ஓர் ஆள் வேண்டும். ஜெனிட்டா உட்கார்ந்தாள்.

அவளுக்கு ஒரே ஒரு நிபந்தனை. டேஷ்போர்டில் இருக்கும் அந்தப் பட்டனை யாரும் தொடக்கூடாது.

இப்போது வருகிற கார்களில் மூன்று காவல் இருக்கிறது. பிரேக்கை ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பது ஒன்று. வேகம் கொடுக்கும்போது சக்கரம் வழுக்கினால் இழுத்துப் பிடிப்பது ஒன்று. வண்டி சுழலப் பார்த்தால் நிமிர்த்துவது ஒன்று. கடைசி இரண்டும் வேலை செய்கிற நொடியில் ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் ஒரு மஞ்சள் விளக்கு கண்சிமிட்டும். பட்டனைச் சற்று நேரம் அழுத்திப் பிடித்தால் அந்த இரண்டும் விலகிக்கொள்ளும். பிறகு விளக்கு சிமிட்டாது. நிலையாக எரிந்துகொண்டே இருக்கும்.

அந்தத் தடத்தின் பழைய ஆட்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. புதியவர் ஒருவர் தேறிவிட்டார் என்று தோன்றினால் பட்டனை அழுத்தச் சொல்வார்கள். அதன்மேல் சந்தனப் பொட்டு வைத்து, "நீ தூங்கு சாமி, இனி நாங்க பாத்துக்கறோம்" என்று கும்பிடுவார்கள். முன்சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். அப்புறம் ஐந்து சுற்று. முடித்தால் கிளப் முத்திரை போட்ட ஒரு தாள் கிடைக்கும். என்ஜினை நிறுத்தி மறுபடி கிளப்பினால் சாமி தானாக எழுந்துவிடும் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை.

ஜெனிட்டாவிடம் கற்றவர்களுக்கு நடைவண்டிக் கோஷ்டி என்று பெயர். அவள் நடைவண்டி மாஸ்டர்.

மே முதல் வாரத்தில் கோகிலவாணி வந்தாள். முப்பத்து மூன்று வயது. தன் காரின் பக்கத்தில் ஹெல்மெட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள், யாரோ வைத்திருக்கச் சொன்ன பொருள் மாதிரி.

"ஏனுங்க மாஸ்டர், ஒண்ணு கேக்கலாங்களா?"

"கேளுங்கக்கா."

"என் வண்டில மூணும் இருக்குது. ஒண்ணையும் நான் அணைச்சதில்ல. அப்படியும் சுத்துச்சு. அப்ப அதுக எதுக்கு?"

போன ஐப்பசி மழையில் நடந்தது அது. பைபாஸ் இறக்கத்து வளைவு. பின்சீட்டில் ஐந்து வயது மிதுளா. கார் இரண்டு சுற்றுச் சுற்றி, வந்த திசையையே பார்த்து நின்றது. எதிரே லாரி எதுவும் வரவில்லை. வாணி திரும்பிப் பார்த்தபோது குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது. "இன்னொரு தடவைம்மா" என்றது.

கணவன் பூபதி கத்தவில்லை. கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். "தனியா எங்க வேணாலும் போ. குழந்தையை ஏத்தாதே" என்றான். அவ்வளவுதான். ஆறு மாதம் மிதுளா வேனில் போய் வந்தாள். அம்மாதான் கொண்டுவிட வேண்டும் என்று தினமும் காலையில் அழுதாள். கடைசியில் பூபதி இறங்கி வந்தான். "விவரம் தெரிஞ்சவங்க யாராச்சும் நீ ஓட்டறது சரின்னு எழுதிக் குடுக்கட்டும். ஜூன்ல ஒண்ணாங்கிளாஸ் தொறக்கும்போது பாத்துக்கலாம்."

அந்தத் தாளுக்காகத்தான் வாணி வந்திருந்தாள். ஜெனிட்டா எல்லாவற்றையும் கேட்டாள்.

"சுத்தறதுக்கு முன்னாடி விளக்கு எரிஞ்சுதாக்கா?"

"எந்த விளக்கு?"

"மஞ்ச விளக்கு. கார் வழுக்கற மாதிரி படம் போட்டிருக்கும்."

"ஓ, அதுங்களா. அந்த வளைவுல ஈரமா இருந்தாலே மினுக்கும். சர்வீசுக்கு விடறப்ப பாக்கச் சொல்லோணும்னு நெனச்சுட்டே இருந்தேன். மறந்து போச்சு."

ஜெனிட்டா சிரிக்கவில்லை.

"எத்தனை நாளா மினுக்குச்சு?"

"ஆடி மாசத்துல இருந்து இருக்கும்."

"மூணு மாசமா ஒருத்தர் உங்களைக் கூப்பிட்டிருக்காரு. நீங்க அவரை ரிப்பேருக்கு விடப் பாத்திருக்கீங்க."

வாணி ஹெல்மெட்டைப் பார்த்தாள்.

"மாட்டுங்கக்கா. போலாம்."

முதல் சுற்றில் விளக்கு பதினோரு தடவை சிமிட்டியது. எங்கே திருப்ப வேண்டும், எவ்வளவு வேகம் என்றெல்லாம் ஜெனிட்டா ஒன்றும் சொல்லவில்லை. நோட்டில் தடத்தின் படம் வரைந்து வைத்திருந்தாள். விளக்கு எரிந்த இடத்தில் ஒரு புள்ளி வைத்தாள். சுற்று முடிந்ததும் நோட்டைக் காட்டினாள்.

"இவ்வளவு இடத்துலயா?"

"இவ்வளவு இடத்துல."

"எனக்கு ஒண்ணுமே தெரியலையே. நல்லாத்தானே போச்சு."

"போன ஐப்பசிக்கு முன்னாடியும் மூணு மாசம் நல்லாத்தானே போச்சு."

வாணிக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் மறுபடி கிளப்பினாள்.

அன்று மதியம் கிளப் செயலாளர் ஈஸ்வரமூர்த்தி அந்தப் பக்கம் வந்தார். ஐம்பது வயதுக்காரர். பம்ப்செட் உதிரிபாகம் செய்கிறவர். காவல் ஒன்றுமில்லாத கார்களில் ஓட்டிப் பழகியவர். புதியவர்களுக்குச் சந்தனம் வைப்பதும் தாளில் கையெழுத்துப் போடுவதும் அவர்தான்.

"என்ன மாஸ்டர், நடைவண்டி எப்படிப் போகுது?"

"விழாம போகுதுங்கண்ணா. உங்க ஆள் ஒருத்தர் காலைல சந்தனம் வாங்குனாரே, எங்க காணோம்?"

மூர்த்தி கண்ணைச் சுருக்கித் தூரத்து வளைவைப் பார்த்தார். அங்கே மணலில் ஒரு சிவப்புக் கார் சக்கரம் புதைய நின்றிருந்தது.

"டிராக்டர் வருது," என்றார். பிறகு வாணியிடம் திரும்பினார். "அம்மிணி, நான் சொல்றதையும் கேட்டுக்க. அது பக்கத்துலயே ஒக்காந்துட்டு எல்லாத்தையும் சரி பண்ணிட்டே இருந்தா, நீ பண்ணுன தப்பு உனக்கே தெரியாது. அதை அணைச்சாத்தான் வண்டி உன்கிட்டப் பேசும்."

அவர் சொன்னதில் நியாயம் இருப்பதாக வாணிக்குத் தோன்றியது. அவர் போன பிறகு ஜெனிட்டாவிடம் கேட்டாள்.

"அவர் சொல்றது பொய்யுங்களா?"

"இல்லக்கா. தப்புத் தெரியாம ஓட்டுனா அவர் சொல்றது நெசம்தான்."

அடுத்த ஞாயிறு ஜெனிட்டா ஒரு செருப்பு டப்பாவின் மூடியை வெட்டிக் கொண்டுவந்தாள். விளக்கு வாணியின் கண்ணுக்குத் தெரியாமல், இடது பக்கம் இருப்பவருக்கு மட்டும் தெரிகிற மாதிரி அதை நிறுத்தி ஒட்டினாள்.

"எரியறப்ப இப்பன்னு சொல்லுங்கக்கா."

"பாக்காமயா? எப்படிங்க தெரியும்?"

"மிதுளாவுக்குக் காய்ச்சல் வந்தா எப்படித் தெரிஞ்சுக்குவீங்க?"

"கழுத்துல கைய வெச்சுப் பாப்பேன். சில நாள் அது கூப்பிடற கொரல்லயே தெரிஞ்சுரும்."

"அப்ப தெர்மாமீட்டரைத் தூக்கிப் போட்டுட்டீங்களா?"

"அதை எப்படிங்க போடறது? புள்ள இருக்கற வீடு."

"கிளப்புங்கக்கா."

அன்று முழுக்க வாணியின் "இப்ப" தாமதமாகவே வந்தது. விளக்கு எரிந்து அணைந்த பிறகு, வளைவு தாண்டிய பிறகு, சில சமயம் எரியாத இடத்திலும் வந்தது. பயம் வந்த இடத்தில் எல்லாம் அவள் "இப்ப" என்றாள். ஜெனிட்டா தலையை மட்டும் ஆட்டினாள், இல்லை என்று.

"எனக்குப் பயமா இருக்கறப்ப அது எரியறதில்ல. பயமே இல்லாத எடத்துல எரியுது," என்றாள் வாணி.

"ம்."

"ஏனுங்க அப்படி?"

"பயம் ஐப்பசில நிக்குது. வண்டி இங்க ஓடிட்டு இருக்குது."

மூன்றாம் ஞாயிறு "இப்ப"வும் விளக்கும் சேர்ந்தே வந்தன. வாணிக்கு இடுப்பில் தெரிந்தது, சீட்டின் அடியில் வண்டி அரை விரல்கடை நகர்வது. ஸ்டியரிங் ஒரு கணம் கனம் இழப்பது. அதைச் சொல்ல அவளிடம் வார்த்தை இல்லை. "இப்ப" என்பது போதுமாக இருந்தது.

நான்காம் ஞாயிறு, தடத்தின் கொண்டை ஊசி வளைவில் அவள், "வரப்போகுது" என்றாள்.

வரவில்லை.

"தப்பாச் சொல்லிட்டேனுங்க."

"ஏன் வரலை?"

"தெரியலீங்க. வர்ற மாதிரி இருந்துச்சு. ஆக்சிலேட்டர்ல இருந்து காலைக் கொஞ்சம் தளத்துனேன்."

ஜெனிட்டா நோட்டைப் பார்த்தாள். அந்தச் சுற்றில் ஒரு புள்ளியும் இல்லை. பேனாவை மூடிப் பையில் போட்டாள். அட்டையைப் பிய்த்து எடுத்தாள்.

"அடுத்த வாரம் மூர்த்தியண்ணன்கிட்டச் சொல்லிருங்கக்கா, ஓட்டிக் காட்டறோம்னு."

பள்ளி திறப்பது திங்கட்கிழமை. ஓட்டிக் காட்டுவது அதற்கு முந்தின நாள். காலையிலிருந்தே சாரல். தடம் கறுத்துப் பளபளத்தது. புறப்படும்போது பூபதி கேட் வரை வந்திருந்தான். "இன்னிக்குக் கிடைச்சிருமா?" என்றான். மிதுளா புதுப் பையை வீட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டு திரிந்தாள்.

ஜெனிட்டா தடத்து ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். வாணி அவள் பக்கத்தில் நின்றாள்.

"மாஸ்டர், அஞ்சே அஞ்சு சுத்து. பட்டனை அமுத்திட்டு மெதுவாப் போயிட்டு வந்துரட்டுங்களா? தாள் கிடைச்சா நாளைக்குக் காலைல புள்ளை என் வண்டில போவா."

ஜெனிட்டா டீயை ஆற்றினாள்.

"ஒரு ராலில என் ஓட்டுநர் சொன்னாரு, நீ படிக்கறது எனக்குத் தொந்தரவா இருக்குது, இந்த ரோடு எனக்குத் தெரியும், வாயை மூடிட்டு வான்னு. மூடிட்டேன்."

"அப்பறம்?"

"நல்லா ஓட்டுனாரு. ஒண்ணும் ஆகலை. முடிச்சதும் இறங்கி நின்னு, பாத்தியா, நீயில்லாமயே வந்துட்டேன்னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நோட்டைக் காட்டினேன். எட்டு இடத்துல கோடு போட்டு வெச்சிருந்தேன். எதிர்ல ஒரு மாடு வந்திருந்தாக்கூட முடிஞ்சிருக்கும், அந்த மாதிரி இடம். அவருக்கு ஒண்ணு கூடத் தெரியலை."

ஷெட்டின் தகரத்தில் சாரல் விழுந்துகொண்டிருந்தது.

"நான் என்னங்க பண்ணட்டும்?"

"விரல் உங்களுதுக்கா."

மூர்த்தி சந்தனக் கிண்ணத்தோடு வந்தார். பின்னால் ஆறேழு பேர். ஒருவர் கையில் எலுமிச்சம்பழம். ஜெனிட்டா தடத்துச் சுவர் ஓரமாகப் போய் நின்றுகொண்டாள். மூர்த்தி காரில் வாணிக்கு இடது பக்கம் ஏறி உட்கார்ந்தார்.

"சாமிய அமுத்து அம்மிணி."

"வேண்டாங்கண்ணா."

"என்ன வேண்டாம்?"

"பட்டனைத் தொடறதில்லீங்க. இப்படியே ஓட்டறேன். பாத்துட்டுச் சொல்லுங்க."

வெளியே நின்றவர்களில் ஒருவர், "நடைவண்டிக்கு எதுக்கப்பா பரீட்சை?" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள்.

வாணி கண்ணாடியை இறக்கினாள். அவள் குரல் நடுங்கியது. நடுங்குவதை அவள் மறைக்கவில்லை.

"நடைவண்டிதாங்க. என் புள்ளை அதுல ஏறோணும்."

சிரிப்பு நின்றது. அவள் கண்ணாடியை ஏற்றினாள்.

"பயமா அம்மிணி?" என்றார் மூர்த்தி. கேலி இல்லாமல்தான் கேட்டார்.

"ஆமாங்க. பயந்துட்டேதான் ஓட்டறேன். பயமில்லாத ஆள்தான் வேணும்னா நான் எறங்கிக்கறேன்."

"அதுக்கில்ல. அணைக்காம ஓட்டுனா என்னால கையெழுத்துப் போட முடியாது. இருபது வருச வழக்கம்."

"அமுத்துனா அந்த விளக்கு எரிஞ்சுட்டே இருக்குங்கண்ணா. எரிஞ்சுட்டே இருந்தா அது என்ன சொல்லுதுன்னு எப்படிங்க கேக்கறது?"

மூர்த்தி விளக்கைப் பார்த்தார். இத்தனை வருடத்தில் அதை அப்படிப் பார்த்ததில்லை போலிருந்தது.

"சரி, ஓட்டு. ஒக்காந்துட்டேன், இனி எறங்கறதெங்க."

எலுமிச்சம்பழம் வைக்கவில்லை. வாணி கிளம்பினாள்.

முதல் சுற்றில் மூர்த்தி ரோட்டைப் பார்த்தார். இரண்டாவது சுற்றில் அவள் கால்களைப் பார்த்தார். மூன்றாவதில் விளக்கைப் பார்க்க ஆரம்பித்தார். வாணி ஒன்றும் மெதுவாகப் போகவில்லை. முன்னால் சென்ற சிவப்புக் கார் ஒவ்வொரு வளைவிலும் வாலை ஆட்டித் தண்ணீரை இறைத்தது. நேர்ச்சாலையில் தூரமாகப் போய், வளைவில் பக்கத்தில் வந்தது. வாணி அதைத் தாண்டிப் போனாள். விளக்கு எரியவில்லை.

நான்காவது சுற்றின் பாதியில் மூர்த்தி குனிந்து பார்த்தார்.

"அம்மிணி, உன் விளக்கு பல்பு போயிருச்சு."

"இல்லீங்கண்ணா."

"இந்த ஈரத்துல எரியாம இருக்குமா? பீஸ் போயிருக்கும். பாத்துக்க."

"எரிய வெச்சுக் காட்டட்டுங்களா?"

அவர் பதில் சொல்வதற்குள் கொண்டை ஊசி வளைவு வந்துவிட்டது. வாணி ஸ்டியரிங்கைத் திருப்பிய நிலையில் வைத்துக்கொண்டு ஆக்சிலேட்டரை அழுத்தினாள். அவள் உடம்பு முழுவதும் வேண்டாம் என்றது. தெரிந்தே அழுத்தினாள். வண்டி உதறியது. முன்பக்கம் ஒரு முழம் வெளியே போனது. விளக்கு படபடவென்று மூன்று தடவை சிமிட்டியது. மூர்த்தி மேலே இருந்த கைப்பிடியை எட்டிப் பிடித்தார். வாணி காலைத் தளர்த்தினாள். வண்டி தன் இடத்துக்கு வந்தது.

"எரியுதுங்களா?"

"எரியுது, எரியுது."

"தெரியாம எரிஞ்சதில்லைங்க, இன்னிக்கு."

ஐந்தாவது சுற்றில் மூர்த்தி கைப்பிடியை விட்டுவிட்டார்.

இறங்கியதும் அவர் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தார். வண்டியின் மேல் வைத்து விரிக்கப் போனவர், மழையைப் பார்த்துவிட்டு ஷெட்டுக்குள் வந்தார். வாணி பின்னால் வந்தாள். குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"நல்லா ஓட்டறே. பொய் சொல்ல மாட்டேன். ஒண்ணு பண்ணு. வண்டி நிக்கையிலேயே பட்டனை அமுத்து. நான் சந்தனம் வெக்கறேன். ஒரு போட்டோ எடுத்துக்குவோம், வழக்கத்துக்கு. நான் கையெழுத்துப் போட்டுர்றேன். உன் வீட்டுக்காரர்கிட்டக் கொண்டு போய்க் குடு."

வாணி தாளை வாங்கிப் படித்தாள். 'காவல் கருவிகளின் துணையின்றி ஐந்து சுற்றுகள் ஓட்டி முடித்தார்' என்று அச்சடித்திருந்தது. கீழே பெயருக்கு ஒரு கோடு. கையெழுத்துக்கு ஒரு கோடு.

ஒரு பட்டன். ஒரு நிமிடம். நாளைக்குக் காலையில் மிதுளா முன்வாசலில் பையோடு நிற்பாள்.

"இதுல எழுதியிருக்கறதை நான் பண்ணலீங்களே."

"அதை யாரு பாக்கப் போறா?"

"என் வீட்டுக்காரர் பாப்பாருங்க. இந்த எழுத்தை நம்பித்தான் குழந்தையை ஏத்தி அனுப்புவாரு."

"நல்லதுக்குத்தானே அம்மிணி?"

"அப்ப எழுத்தை மாத்திக் குடுங்க. ஈரத்துல அஞ்சு சுத்து ஓட்டுனா, தெரியாம ஒரு தடவை கூட விளக்கு எரியலைன்னு எழுதி, கையெழுத்துப் போடுங்க. வாங்கிக்கறேன்."

மூர்த்தி கிளப் ஆட்களைத் திரும்பிப் பார்த்தார். அவர்களும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அப்படி அச்சடிச்ச பாரம் நம்ம கிளப்புல கிடையாதே."

"அப்ப வேண்டாங்க."

தாளை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். சந்தனக் கிண்ணத்தில் மழைத் தண்ணீர் சேர்ந்திருந்தது. "பாத்துப் போ அம்மிணி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

போன் அடித்தது. பூபதி.

"கிடைச்சுதா?"

"இல்லீங்க."

"சரி விடு. வேன்காரர்கிட்டச் சொல்லிர்றேன்."

"சொல்லாதீங்க."

"என்ன வாணி?"

"நாளைக்கு மிதுளாவை நான்தான் கூட்டிட்டுப் போறேன். நீங்களும் வாங்க. முன்சீட்டுல ஒக்காருங்க. ரோட்டைப் பாக்க வேண்டாம், என்னையும் பாக்க வேண்டாம். அந்த மஞ்ச விளக்கை மட்டும் பாத்துட்டே வாங்க. ஒரே ஒரு தடவை எரிஞ்சாலும் அங்கேயே எறங்கி உங்க கைல சாவியக் குடுத்துர்றேன். அப்பறம் வாயே திறக்க மாட்டேன்."

"மழை பெய்யுது வாணி."

"தெரியுங்க. மழையிலதான்."

அவன் "வீட்டுக்கு வா, பேசிக்கலாம்" என்றான்.

"பேசறதுக்கு ஒண்ணும் இல்லீங்க. ஆறரைக்கு ரெடியா இருங்க."

போனை வைத்தாள். ஹெல்மெட்டைப் பெஞ்சின்மேல் வைத்தாள். அது உருண்டு விழப் பார்த்தது. மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் வாழ்க்கையில் பூபதியிடம் அப்படிப் பேசியதில்லை.

ஜெனிட்டா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வந்தாள்.

"கிளம்பலாமாக்கா? என்னை உக்கடம் பஸ் ஸ்டாண்டுல விட்டுட்டுப் போங்க."

கார் வரை இருவரும் நனைந்துகொண்டே நடந்தார்கள். கதவைத் திறந்த வாணி உள்ளே ஏறாமல் நின்றாள்.

"மாஸ்டர்."

"ம்."

"தாளை வேண்டாம்னுட்டேன். வீட்டுக்காரர்கிட்ட வீறாப்பாப் பேசிட்டேன். இப்ப தப்புப் பண்ணிட்டேனோன்னு இருக்குது. எனக்கு ஓட்ட வந்திருக்குதா, இல்லையா? நீங்களாச்சும் வாயைத் தொறந்து சொல்லுங்க. குழந்தை ஒக்காரப் போற வண்டிங்க இது."

இடது பக்க முன்கதவு வரை வந்த ஜெனிட்டா அதைத் தாண்டிப் போனாள். பின்கதவைத் திறந்தாள். சீட்டின் மடிப்பில் மிதுளா எப்போதோ சிந்திய பிஸ்கட் தூளைக் கையால் தட்டிவிட்டு உட்கார்ந்தாள். பெல்ட்டை இழுத்து மாட்டினாள். பையை மடியில் அணைத்துக்கொண்டாள்.

வாணி முன்னால் ஏறி, உள்கண்ணாடியில் அவளைப் பார்த்தாள்.

"ஏனுங்க அங்க ஒக்காந்துட்டீங்க? மழை இன்னும் வலுக்கும் போல இருக்குதுங்க மாஸ்டர்."

ஜெனிட்டா ஜன்னல் ஓரமாகத் தலையைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டாள்.

"உக்கடம் வந்தா எழுப்புங்கக்கா."